முகமூடிப் பட்டறை

கிழக்கு வெளுக்குமுன்பே தாராவியின் அந்தத் தகரக் கொட்டகையில் கைப்பிரஸ்கள் தடதடக்கத் தொடங்கிவிடும். பேராச்சி இரும்புப் பிடியைப் பற்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுப்பாள். அச்சு இறங்கி, கறுப்பு ரெக்ஸினில் இரண்டு கண்களைத் துளைத்து ஏறும். எதிரே உட்கார்ந்து ரெக்ஸின் துண்டை வைத்தெடுப்பவள் செண்பகவல்லி. வைத்துக் கையை எடுத்ததும் "ம்" என்பாள். அதன்பிறகே பேராச்சி இழுப்பாள். ஆறு பிரஸ், ஆறு ஜோடி, எல்லாருக்கும் அதே வழக்கம்.

அமெரிக்காவில் படக்கதைப் புத்தகத்திலிருந்து டெலிவிஷனுக்குப் போன பறக்கும் வீரன் ஒருவனின் முகமூடி அது. பிள்ளைகள் மாட்டிக்கொண்டு திரிகிறார்களாம். அறுபத்தேழில் பம்பாயில் டெலிவிஷனை யார் கண்டது? மாதிரிக்கு ஒரு படக்கதைத் தாள் சுவரில் ஒட்டியிருந்தது.

போன மாதம் கப்பலுக்கு நேரமாகிறதென்று முதலாளி சங்கரநாராயணன் பக்கத்தில் நின்று விரட்டினார். அந்த அதட்டலில் "ம்" வருமுன்னே பேராச்சியின் கை இறங்கிவிட்டது. செண்பகவல்லிக்கு ஆள்காட்டி விரல் நுனி போயிற்று.

இன்று அவர் தந்தியோடு வந்தார்.

"அந்த டெலிவிஷன் நாடகம் நின்னுபோச்சு. பதினாறு வாரந்தான் ஓடிச்சாம். ஆர்டர் பாதியாயிட்டு."

"வீரன் செத்துட்டானா முதலாளி?" என்றாள் அடுத்த பிரஸ் முருகம்மாள்.

"அவன் எங்கட்டி சாவான்? பாக்க ஆளில்லன்னு நிறுத்திட்டான்."

"அப்பம் அவனுக்கும் சீட்டைக் கிழிச்சிட்டாவ!"

சிரிப்பு எழுந்து அடங்கியது.

"நாளையிலேருந்து பிரஸ்ஸுக்கு ஒரு ஆளுதான். வைக்கதும் அவளே, இழுக்கதும் அவளே. பேராச்சி, ஒனக்கு வேல உண்டு. செண்பகவல்லி, நீ நின்னுக்கோ. வெரலும் சரியில்ல."

பேராச்சிக்கு ஒரு கணம் நெஞ்சு லேசாயிற்று. மறுகணமே, எதிரே துணி சுற்றிய விரலைப் பார்த்துக் கூசிப்போனாள்.

"ஒத்தையில இழுத்தா கை போயிரும் முதலாளி. மூணு பிரஸ்ஸ நிறுத்துங்க. ஜோடி ஜோடியா ஒருநாள் விட்டு ஒருநாள் வாரோம்."

"எனக்கே யோசனை சொல்லுதியோ? அவ வெரல நசுக்குனதே நீதானட்டி!"

"இழுத்தது நாந்தான். வெரட்டுனது யாரு?"

"ஊர்க்காரியாச்சேன்னு வேல குடுத்தேன் பாரு!"

"ஊர்க்கார முதலாளியாச்சேன்னுதான் தொழிற்சங்கத்து ஆள வாசப்படி ஏறவிடாம வச்சிருந்தோம். அது எங்க தப்பு."

ரெக்ஸின் வெட்டும் ஜெயினுலாப்தீன் கத்தியைக் கீழே வைத்தார். "பக்கத்து லேபர் கேம்ப்லதான் சங்க ஆபீஸ். நான் போய்க் கூட்டிட்டு வாரேன்."

"காம் பந்த்! வேல கெடையாது! பூட்டிருவேன்! வெளிய வேலைக்கு நூறு பேரு நிக்கான்!" என்று கத்தினார் முதலாளி.

பேராச்சி பிடியை விட்டாள். செண்பகவல்லியை எழுப்பிக்கொண்டு வெளியே போய், வாசலை அடைத்தாற்போல் உட்கார்ந்தாள். ஒரு ஜோடி வந்தது. இன்னொரு ஜோடி வந்தது. முதலாளி பூட்டைத் தேடி எடுத்தார். உள்ளே முருகம்மாள் மட்டும் பிரஸ்ஸில் கைவைத்தபடி நின்றாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷனில்லை. அவளை யாரும் கூப்பிடவில்லை, ஏசவுமில்லை.

வெகுநேரம் கழித்து அவள் வாசலுக்கு வந்தாள். முதலாளியின் கையிலிருந்த பூட்டைப் பார்த்தாள். கீழே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி இருங்கட்டி," என்றாள்.

பேராச்சி நகர்ந்து தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.