உள்ளேயிருந்து தட்டும் கதவு

ஆக்ஸ்மியர் கோயில் கல்லறைத் தோட்டத்தில் கல்பின் என்ற பெயர் ஒரு கல்லில்கூட இல்லை. ஏவ்ரில் கல்பின் முழங்காலுக்குக் கீழே பழைய சாக்கைப் போட்டுக்கொண்டு, பாசியைத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துவிட்டாள். எழுத்து மழுங்கிப்போன கற்களை விரலால் தடவியும் படித்தாகிவிட்டது.

அவள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போன வருஷம் தம்பி போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பெயரோடு மிச்சமிருப்பது தான் ஒருத்திதான் என்பது ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது திடீரென்று உறைத்தது. நாம் எங்கிருந்து வந்தோம் என்று தேடும் எண்ணம் அப்போதுதான் வந்தது. வீட்டில் சொல்லிக் கேட்டது ஒன்றே ஒன்று: தாத்தாவின் அப்பா ஜோப், மூன்று வயசுக் குழந்தையாக லிங்கன்ஷயரின் ஆக்ஸ்மியரிலிருந்து வந்தவர். அவள் தேடிக் கிளம்பிய வருஷம் 1976. மே மாதத்திலிருந்தே மழை இல்லை. கோடை விடுமுறை விட்டதும் பஸ் ஏறி வந்து, தெர்சா மால்ட்பி என்ற விதவையின் வீட்டு மாடியறையில் தங்கியிருந்தாள்.

"என்னம்மா, சொந்தக்காரங்க யாராவது எந்திரிச்சு வந்தாங்களா?"

கேட்டவர் ஆம்ப்ரோஸ் பின்ச்பெக். எழுபதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர். கோயில் சாவி அவரிடம்தான். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவதும் அவர்தான். அந்த வருஷம் வெட்டுவதற்குப் புல்லே இல்லாததால் மர நிழலில் உட்கார்ந்து அவளை வேடிக்கை பார்ப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது.

"ஒருத்தரும் வரல மிஸ்டர் பின்ச்பெக். கோயில் பதிவேட்டப் பாத்தா ஞானஸ்நானம் எடுத்திருக்காங்க, கல்யாணம் கட்டியிருக்காங்க, செத்தது மட்டும் இல்ல. 1849-ல காலரா வந்துச்சே, அதுவரைக்கும் ஒரு குடும்பமே இங்க இருந்திருக்கு. அதுக்கப்புறம் ஆளே காணோம்."

"அமெரிக்கா போயிருப்பாங்க."

அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார். சொன்ன வேகம் ஏவ்ரிலுக்கு என்னவோ போலிருந்தது.

அன்று மத்தியானம் தெர்சா பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பக்கத்து வயலில் அறுவடை நடந்ததால் தூசி பறந்தது. வெளியே வந்த ஏவ்ரில், தூசி உள்ளே போகவேண்டாமென்று கதவை இழுத்துச் சாத்தினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. நாலு எட்டு வைத்திருப்பாள், சாத்திய கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

பலமாக இல்லை. உள்ளங்கையால் தட்டுவது போல, சோர்ந்துபோன தட்டல். கொஞ்சம் நின்றது. மறுபடி தட்டியது.

தெர்சா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் கவ்வியிருந்த துணிக் கிளிப்பை எடுத்துவிட்டுச் சொன்னாள்: "கதவ சாத்திட்டியா கண்ணு? போய்த் தெறந்து வுடு. நின்னுடும்."

"உள்ள யாரு?"

"யாருமில்ல."

"அப்ப தட்டுறது?"

"நாம உள்ள இருந்தா தட்டாது. ஆளில்லாத வீட்ட சாத்தினாதான். இந்த ஊர்ல எல்லா வீட்லயும் உண்டு. சில வருஷம் ஒண்ணுமே இருக்காது, மண்ணு காஞ்சா ஜாஸ்தி. எங்க மாமியார் மரம் சுருங்குற சத்தம்னு சொல்லும். சொல்லிட்டுப் போய்த் தெறந்து வுடும்." ஒரு சட்டையை உதறினாள். "ஏன் மூஞ்சி வெளுத்துப்போச்சு? டீ போடட்டா?"

ஏவ்ரில் போய்க் கதவைத் திறந்தாள். நடைவழியில் வெயில் விழுந்து கிடந்தது. குடை, தொப்பி, தெர்சாவின் ரப்பர் பூட்ஸ். வேறெதுவுமில்லை. தாத்தா சொன்ன ஒரு விஷயம் அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. ஜோப் இருக்கும் அறையின் கதவை யாரும் சாத்தக்கூடாது. பனி கொட்டும்போதுகூட. கடைசிக் காலத்தில் படுக்கையில் கிடந்தபோதும், காற்றுக்குக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டால் அந்தக் கிழவர் குழந்தை மாதிரி அழுவாராம்.

மறுநாள் காலை ஆம்ப்ரோஸிடம் சாவி வாங்கிக்கொண்டு கோயில் கோபுரத்தில் ஏறினாள். மணிகளில் ஏதாவது பெயர் வார்த்திருக்கிறதா என்று பார்க்கத்தான் போனாள். மேலே போய்க் கீழே பார்த்தபோது மணிகள் மறந்துபோயின.

கோயிலுக்கு வடக்கே சபைக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம். காய்ந்து பழுப்பாகக் கிடந்த அந்தப் புல்வெளி நடுவில், அதைவிட வெளிறிய மஞ்சளில் ஒரு வீடு வரைந்திருந்தது. சுவர்கள் இருந்த இடத்தில் நேர்நேரான கோடுகள், இரண்டு அறை, ஒரு மூலையில் அடுப்பு மேடை. மண்ணுக்கடியில் அஸ்திவாரக் கல் இருக்கும் இடத்தில் புல்லுக்கு ஈரம் கிடைக்காது, முதலில் அதுதான் காயும். இது அவளுக்குத் தெரியும். ஆனால் சுற்றிலும் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளில் ஒன்றுகூட ஏன் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை என்பது தெரியவில்லை. வெளியே புல் தரையோடு தரையாகக் கடிபட்டிருந்தது. கோட்டுக்குள்ளே கணுக்கால் உயரம் வளர்ந்து, அப்படியே காய்ந்து நின்றது.

இறங்கி நேராக அங்கே போனாள். வாசல் என்று தோன்றிய இடத்தில் கோட்டைத் தாண்டி உள்ளே நின்றாள். தரை இறுகிக் கிடந்தது. எவ்வளவு ஆழத்தில் கல் இருக்குமோ என்று செருப்புக் குதிகாலால் தட்டிப் பார்த்தாள்.

கீழேயிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

அதே சோர்ந்துபோன தட்டல். இப்போது பாதத்துக்கு நேர் கீழே.

"வெளிய வாங்க மிஸ் கல்பின்." வேலிக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ரோஸ் நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது. "தயவுசெஞ்சு வெளிய வாங்க."

அவள் எப்படி வெளியே வந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. வேலிக்கட்டையில் உட்காரவைத்து, தன் குடுவையிலிருந்து ஆறிப்போன தேநீரை ஊற்றிக் கொடுத்தார்.

"அமெரிக்கா இல்ல, அப்படித்தானே?" என்றாள்.

"இல்லம்மா." தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "காலரா முதல்ல அந்த வீட்டுக்குத்தான் வந்துச்சு. ஊரு பயந்துபோச்சு. கூடிப் பேசி, நோய் வெளிய வராம இருக்கணும்னு கதவுக்கும் ஜன்னலுக்கும் வெளியிலேர்ந்து பலகை வச்சு ஆணி அடிச்சிட்டாங்க. உள்ள ஆளுங்க உசுரோட இருந்தாங்க. கொஞ்ச நாள் தட்டினாங்களாம். அப்புறம் நின்னுபோச்சு. வீட்ட அவங்க மேலயே இடிச்சுத் தள்ளி மண்ணப் போட்டு மூடிட்டாங்க. அடக்க ஜெபம் கெடையாது, மணி அடிக்கல, ஒண்ணுமில்ல."

"ஊருக்கெல்லாம் தெரியுமா?"

"பெரியவங்களுக்குத் தெரியும். பேசமாட்டோம். ஆணி அடிச்சது ஊர்க் காவல்காரர். அவரும் பின்ச்பெக்தான்."

ஏவ்ரில் கோப்பையை அவரிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப ஜோப் எப்படி வெளிய வந்தாரு?"

"அது எனக்குத் தெரியாது" என்றார் ஆம்ப்ரோஸ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

குருவானவர் ஹாலம் இளைஞர், ஊருக்குப் புதியவர். மேலிடத்தில் கேட்கவேண்டும், விசாரிக்கவேண்டும் என்று முதலில் இழுத்தார். தெர்சாதான் போய், "சாமி, உங்க வீட்டுக் கதவ சாத்திட்டுத் தோட்டத்துல போய் நில்லுங்க. அப்புறம் கேளுங்க மேலிடத்துல" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்று சாயங்காலமே அவர் சம்மதம் சொல்லி அனுப்பினார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊரே அந்த நிலத்துக்கு வந்தது. கோட்டைச் சுற்றி நின்றார்கள். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவிலிருந்து எடுத்த பெயர்களைக் குருவானவர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஜான் கல்பின், அவர் மனைவி ரூத், பிள்ளைகள் தாமஸ், ஹன்னா, சூசன். மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல் என்று சொல்லி ஒரு பிடி புழுதியை உள்ளே தூவினார். மணி அடித்தது. தெர்சா வெளிப்படையாக அழுதாள். ஆம்ப்ரோஸ் கூட்டத்தின் கடைசியில் நின்றார்.

அதற்குப் பிறகு தெர்சா வேண்டுமென்றே கதவைச் சாத்திவிட்டுத் தோட்டத்தில் நின்று பார்த்தாள். சத்தமில்லை. பேக்கரிக்காரர் வீட்டிலும் இல்லை, தபால் ஆபீசிலும் இல்லை. தெருவில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள், ஆனால் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஏவ்ரில் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள்.

புதன்கிழமை ஆம்ப்ரோஸ் வந்து வாசலில் நின்றார். முகம் சவரம் செய்யாமல், கண் உள்ளே போயிருந்தது.

"எங்க வீட்ல நிக்கலம்மா" என்றார். "இப்ப நான் உள்ள இருக்கும்போதே தட்டுது. நான் சாப்பிட உக்காந்தா, எனக்குப் பின்னாலேர்ந்து."

கட்டிக்கொண்டிருந்த பெட்டியை விட்டுவிட்டு ஏவ்ரில் வாசலுக்கு வந்தாள். "மிஸ்டர் பின்ச்பெக், அந்த வீட்டுக்குள்ள வேற யாரு இருந்தா?"

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கெசையா" என்றார். "எங்க குடும்பத்துப் பொண்ணு. காவல்காரரோட மூத்த மக. கல்பின் வீட்ல எல்லாரும் படுத்துட்டாங்கன்னு கேட்டதும் கஞ்சி வச்சு எடுத்துக்கிட்டுப் போனவ, பாத்துக்க ஆளில்லன்னு அங்கயே தங்கிட்டா. அவ உள்ள இருக்கான்னு அப்பனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடிச்சாரு. தன் பொண்ணுக்காகக் கதவத் தெறந்தா ஊரு என்ன சொல்லும்னு."

"ஜோப்?"

"அவதான். கூரையப் பிச்சு, குழந்தையத் தூக்கி வெளிய வுட்டா. வாங்கிக்கிட்டது அவ தம்பி, சின்னப் பையன். அவன்தான் எங்க தாத்தாவோட அப்பா. வைக்கோல் வண்டியில ஒளிச்சு வச்சு லெஸ்டர்ல இருந்த கல்பின் சொந்தக்காரங்ககிட்ட அனுப்பிட்டான். நீயும் வான்னு அக்காகிட்ட கெஞ்சியிருக்கான். அந்த ஓட்டையில அவளால வரமுடியல." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "அவ ஓடிப்போயிட்டான்னு ஊர்ல சொல்லிட்டாங்க. அப்பன் மானம் போகக்கூடாதே. அப்பனுக்கப்புறம் புள்ள, அவனுக்கப்புறம் நாங்க, யாரும் அந்தப் பேர வெளிய சொன்னதில்ல. ஞாயித்துக்கெழமை என் வாய் வரைக்கும் வந்துச்சு."

ஏவ்ரிலுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்று சொல்லமுடியாது. வந்தது. ஆனால் அந்தப் பெண் கூரையைப் பிய்க்காமலிருந்தால் தான் இந்தப் படியில் நின்றிருக்கமாட்டோம் என்பது அதைவிடப் பெரிதாக வந்து நின்றது.

"எந்திரிங்க" என்றாள். "போய்ச் சொல்லுவோம்."

குருவானவரைக் கூப்பிடவில்லை. இருவரும் மத்தியான வெயிலில் அந்த நிலத்துக்குப் போனார்கள். ஆம்ப்ரோஸ் கோட்டுக்கு வெளியே தயங்கி நின்றார். ஏவ்ரில் அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவர் மண்டியிட்டார்.

"கெசையா பின்ச்பெக்" என்றார். மறுபடி, கத்துவது போலச் சொன்னார். "கெசையா! நீ எங்க பொண்ணு. வெளிய வாம்மா."

பதில் ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் இருந்தார்கள். கடைசியில் ஒரு ஆடு கோட்டைத் தாண்டி உள்ளே வந்து, அவர்களைச் சட்டை செய்யாமல், காய்ந்து நின்ற புல்லைக் கடித்தது. இன்னொன்றும் வந்தது.

ஆம்ப்ரோஸின் வீட்டுக்கு வந்ததும் அவர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். இருவரும் தோட்டத்தில் நின்று காது கொடுத்தார்கள். ஒரு தேனீ போயிற்று. வீடு சும்மா இருந்தது.

அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஏவ்ரில் நினைத்தாள். அவரோ கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம் பொண்டாட்டி போனப்புறம்," என்றார், "வெளிய போயிட்டு வந்து தோட்டத்துக் கதவுகிட்ட நிப்பேன். உள்ள தட்டுற சத்தம் கேக்கும். பயமாத்தான் இருக்கும். ஆனா வீட்ல யாரோ இருக்காங்கன்னு இருக்கும்."

ஏவ்ரில் கதவைத் திறந்து உள்ளே போய் அடுப்பில் கெட்டிலை வைத்தாள். அவர் பின்னாலேயே வந்து, மேஜையருகே உட்கார்ந்தார்.

"பஸ்சுக்கு நேரமாகுதா?" என்று கேட்டார்.

"நாளைக்கும் பஸ் இருக்கு" என்றாள் ஏவ்ரில்.