நிகழ்ச்சி நிரலில் ஏழாவது

எங்கள் மாவட்ட மருத்துவமனையில் இனிமேல் யாரும் பணியாளர்களை அடிக்க மாட்டார்கள் என்று தீர்மானிக்கப்பட்டுவிட்டது. ஆணை எண் நூற்றுப் பதினான்கு. மூன்று கையெழுத்து, ஒரு வட்ட முத்திரை. அந்த முத்திரை விழுந்தால் எங்கள் ஊர் நாரின் நதியே திரும்பிப் பாயும் என்று நம்புகிறவர் எங்கள் தலைமை மருத்துவர் மெதெர்பெக் சோரோனோவிச். ஆணையை வாசித்தபோது அவர் குரல் தழுதழுத்தது. போன மாதம் புதுத் துடைப்பங்கள் வந்து இறங்கியபோதும் அப்படித்தான் தழுதழுத்தது.

ஆணையால் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று, அவசரப் பிரிவு நர்ஸ் புருலின் கழுத்தில் ஒரு வெள்ளைப் பொத்தான் தொங்கியது. அழுத்தினால் காவலாளி தொக்தோசுனின் போனும், அன்றைய பணி மருத்துவனான என் போனும் அடிக்கும். இரண்டு, தலைநகரிலிருந்து சோல்பொன் என்ற உளவியல் நிபுணர் வந்து, மாடி அரங்கில் 'பணியாளர் பாதுகாப்பும் மன நலமும்' என்று பயிற்சி கொடுத்தார். எல்லோரும் வந்தே ஆக வேண்டும்.

பனிக்காலத்தில் ஒரு குடிகாரன் புருலை மருந்து அலமாரியோடு சேர்த்துத் தள்ளிவிட்டிருந்தான். அதிலிருந்து எங்காவது கதவு படாரென்று சாத்தினாலே அவளுக்குத் தூக்கிவாரிப்போடும்.

"எல்லாரும் மேல போயிட்டா கீழ யாரு பைகே இருக்கறது?" என்று என்னைக் கேட்டாள். எங்கள் பக்கம் மூத்த ஆண்களெல்லாம் 'பைகே', அதாவது அண்ணன்.

"நீதான். ஒருத்தராவது இருக்கணுமாம். ஒரு மணி நேரத்துல யாரும் செத்துற மாட்டாங்கன்னு மெதெர்பெக் சொல்லிட்டாரு."

"அப்ப என் மன நலம்?"

"அடுத்த வருஷம்."

சிரித்தாள். பொத்தானைத் தொட்டுக் காட்டினாள். "இத அமுக்கினா வருவீங்கல்ல?"

"பறந்து வருவேன்."

முதலில் அந்தப் பொத்தானுக்கு ஆம்புலன்ஸ் ஊளைதான் வைத்திருந்தார்கள். நோயாளிகள் மிரண்டுவிடுவார்கள் என்று மெதெர்பெக் அன்று காலையில் வேறு ஒலிக்கு மாற்றச் சொன்னார். எந்த ஒலிக்கு என்று எங்களுக்குத் தெரியாது. செயல்விளக்கம் நிகழ்ச்சி நிரலில் ஏழாவது.

அரங்கு வாசலில் ஓர் எனாமல் பேசின். எல்லோருடைய போனும் அதற்குள் போயிற்று. யாரும் வந்து தொந்தரவு செய்யக்கூடாது என்று தொக்தோசுன் மாடிப்படியின் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மூன்றாவது அயிட்டம் மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடியிருந்தோம். பேசினிலிருந்து கொமுஸ் தந்திகளின் இசை எழுந்தது. மேய்ச்சல் மலையில் விடியற்காலையில் கேட்கிற மாதிரி, அவ்வளவு இனிமை.

"யாரோட போன் அது? ஒழுங்கே இல்லையா?" என்று மெதெர்பெக் உறுமினார்.

"விடுங்க, யாரும் எடுக்காதீங்க," என்றார் சோல்பொன். "சத்தம் வரும், போகும். அது உங்களோடது இல்ல. மூச்ச இழுங்க."

இழுத்தோம்.

கீழே, இஷென் என்கிற லாரி ஓட்டுநர் தன் அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு உள்ளே வந்திருந்தான். கிழவர் முகம் சாம்பல் நிறம், நெஞ்சைப் பிடித்திருந்தார். புருல் அவரைப் படுக்கவைத்து மாத்திரையை மென்று விழுங்கச் சொன்னாள், பொத்தானை அழுத்தினாள், ஈசிஜி ஒயர்களை ஒட்டினாள், மறுபடி அழுத்தினாள்.

"டாக்டர் எங்க?"

"இதோ வந்துருவாரு பைகே."

இஷென் மாடிப்படிக்கு ஓடினான். கம்பிக் கதவைப் பிடித்து உலுக்கினான். அதற்கு மேலே எங்கள் பயிற்சியின் பதாகை பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அவன் கையில் மூலையில் கிடந்த இரும்புத் தடி இருந்தது.

"எங்கப்பன் சாகுறான், அவங்க மேல விழா கொண்டாடுறாங்களா? கதவத் திற!"

"சாவி என்கிட்ட இல்ல."

"சும்மா சும்மா கழுத்துல என்னத்தத் தடவுற? தாயத்தா?"

"ஆமா, தாயத்துதான்." ஐந்தாவது தடவை அழுத்தினாள். "தள்ளி நில்லுங்க. நான் ஊசி போடணும்."

தடியை ஓங்கினான். அவள் கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள். நகர்ந்தால் அடி கிழவர்மேல் விழும். வலக்கையைத் தூக்கினாள்.

மேலே கொமுஸ் ஆறாவது முறையாக வாசித்தது. சோல்பொன் புன்னகைத்தார். "பாத்தீங்களா, இப்ப யாருக்கும் பதட்டமே இல்ல."

உண்மை. எனக்குத் தூக்கமே வந்துவிட்டது.

எட்டாவது முறை தொக்தோசுன் என் விலாவில் இடித்தான். "டாக்டர் பைகே... பேசின்ல ரெண்டு போன் ஒரே நேரத்துல ஒரே பாட்டு பாடுது."

"அதனால என்ன?"

"ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு உங்களோடது."

காலில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறை வழுக்க வழுக்க ஓடினேன். தொக்தோசுன் மூன்று பைகளையும் துழாவிய பிறகுதான் சாவி கிடைத்தது. அந்தப் பூட்டு திறக்கும்வரை கீழேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அமைதிக்கு எந்த மூச்சுப் பயிற்சியும் உதவவில்லை.

கிழவர் உயிரோடிருந்தார். மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரும்புத் தடி கட்டிலடியில் கிடந்தது. இஷென் தரையில் உட்கார்ந்து, மருந்துப் பாட்டிலை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தான். புருல் இடக்கையால் கிழவரின் நாடியைப் பிடித்திருந்தாள். அவளுடைய வலக்கையில் இரண்டு விரல்கள் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தன.

"புருல், கைய..."

"ஈசிஜியப் பாருங்க பைகே. பறந்து வரேன்னீங்களே, மொதல்ல அதப் பாருங்க."

பார்த்தேன். அவள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டிருந்தாள். எனக்கு மிச்சம் வைத்தது கையெழுத்து மட்டும்.

பயிற்சி முழு வெற்றி என்று அறிக்கை போயிற்று. பொத்தான் எட்டு முறையும் அடித்ததால் ஏழாவது அயிட்டம் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். வருகைப் பதிவேட்டில் ஒரே ஒரு கையெழுத்துதான் குறைந்தது. ஏன் வரவில்லை என்று புருலிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள்.

இடக்கையால் எழுதிக் கொடுத்தாள்.