காதுக்குள் வந்த பாடம்

வகுப்பு தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது பேராசிரியர் சட்டைப் பொத்தான்களை இரண்டாம் முறையாகத் தப்பாகப் போட்டார். அவர் மனைவியான அக்கா முன்னால் வந்து நின்று, எல்லாவற்றையும் கழற்றி, மேலிருந்து ஒவ்வொன்றாகச் சரியாக மாட்டினாள். அவர் கூரையைப் பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு என்ன பாடம்?" என்றார்.

"மூணு நிலை," என்றான் அக்காவின் தம்பி. "விழிப்பு, கனவு, ஆழ்ந்த தூக்கம். கண்ணை மூடிக்கிட்டே எடுப்பீங்களே அத்தான்."

"மூடினா தூங்கிடுவேன்."

மூன்று பேருமே சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு கூடத்தை ஒட்டிய அந்தச் சின்ன அறை முன்பைவிட இறுக்கமாகிவிட்டது.

தம்பிக்கு நாற்பத்தொரு வயது. கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைப்பது தொழில். தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் தொங்குவதால் எல்லோரும் அவனைக் கேபிள் என்றுதான் கூப்பிட்டார்கள். அத்தானின் ஞாயிற்றுக்கிழமை வேதாந்த வகுப்பை ஒன்பது வருடமாக அவன்தான் பதிவு செய்து, இருமலையும் நாற்காலி நகர்த்தும் சத்தத்தையும் வெட்டி, இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஆத்மா, மாயை என்பதிலெல்லாம் அவனுக்குப் பெரிய பிடிப்பு கிடையாது. ஆனால் நானூறு வகுப்புகளைத் திரும்பத் திரும்பக் கேட்டவனுக்கு, எந்த வரிக்குப் பின்னால் எந்த வரி வரும் என்பது தலைகீழ்ப் பாடம்.

அதுதான் இப்போது கைகொடுத்தது. நான்கு மாதம் முன்பு டாக்டர் மூளையின் படங்களை வெளிச்சத்தில் காட்டி, இது நினைவை அரிக்கும் நோய், சிலருக்கு இவ்வளவு சீக்கிரமே வந்துவிடும் என்றார். பேராசிரியருக்கு ஐம்பத்தாறு வயதுதான். போன வருடம் வரை கல்லூரியில் வேதியியல் நடத்தியவர். விஷயத்தை வீட்டில் மூன்று பேரைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேச்சின் நடுவே ஒரு முழு நிமிடம் நின்றுபோனார். ஏதோ தியானம் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. அடுத்த வாரமே அக்கா பட்டாணி அளவில், தோல் நிறத்தில், காதுக்குள் வைக்கும் கருவி ஒன்றை வாங்கி வந்துவிட்டாள். கூடத்தின் பின்பக்கக் கண்ணாடி அறையிலிருந்து கேபிள் மெதுவாகச் சொல்வான். அது அவர் காதில் மட்டும் கேட்கும்.

"இது ஏமாத்து வேலை இல்லையா அக்கா?" என்று முதல் நாளே கேட்டான்.

"அவர் சொன்னதைத்தானே அவருக்கே திருப்பிச் சொல்றோம். இதுல யாரு யாரை ஏமாத்துறது?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "நான் மனசு இல்ல, மனசைப் பார்க்கிறவன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன்டா. அவரைப் பார்த்து ஒருத்தரும் ஐயோ பாவம்னு சொல்லக் கூடாது. இன்னும் பத்தே வாரம். பாடம் முடியட்டும், கௌரவமா இறங்கிடுவார்," என்றாள்.

இப்படி ஆறு வாரம் ஓடியிருந்தது. இது ஏழாவது.

பத்து மணிக்குக் கூடத்தில் நூற்றிருபது பேர் இருந்தார்கள். இணைய நேரலையில் ஆயிரத்துச் சொச்சம் பேர். பேராசிரியர் மேடையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நன்றாகவே தொடங்கினார். ராத்திரி படுக்கிறோம், கனவில் அலைகிறோம், அப்புறம் கனவும் இல்லாத தூக்கம்; காலையில் எழுந்து 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை' என்கிறோம். ஒன்றுமே தெரியாத இடத்தில், ஒன்றும் தெரியவில்லை என்பதைத் தெரிந்துகொண்டது யார்? இந்தக் கேள்வியைச் சொல்லிவிட்டு அவர் எப்போதும் போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கூட்டம் அசையாமல் இருந்தது. கேபிள் மூச்சை விட்டான்.

அடுத்து, ரயிலில் தூங்கி இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட பழைய கதையைச் சொன்னார். சிரிப்பு எழுந்தது. சிரிப்பு அடங்கியதும், "ஒரு தடவை ரயில்ல போய்க்கிட்டிருந்தேன்," என்று அதே கதையை முதலிலிருந்து தொடங்கினார்.

"அத்தான், அது சொல்லியாச்சு," என்றான் கேபிள் மைக்கில். "கனவுக்குப் போங்க. கனவுல தாகம் எடுத்தா."

அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ரயில் கதை முழுதும் ஓடி முடிந்தது. சிலர் இரண்டாம் தடவையும் சிரித்தார்கள், ஏதோ உட்பொருள் இருக்கிறது என்று எண்ணி. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஒரு நர்ஸ். இரண்டு வருடமாக ஒரு வாரம் தவறாமல் வருகிறவர். இரவு வேலை முடித்து நேரே வந்த களைப்போடு, கழுத்தைச் சற்றுச் சாய்த்துப் பேராசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை கேபிளுக்குப் பிடிக்கவில்லை.

கேள்வி நேரம் வந்ததும் நர்ஸ்தான் முதலில் கை தூக்கினார்.

"சார், நான் நினைவு போனவங்க இருக்கிற வார்டுல வேலை பார்க்கிறேன். பேரு தெரியாது, பெத்த பிள்ளை தெரியாது. நான்ங்கிறதே கழன்று விழணும்னு நீங்க சொல்றீங்க. அவங்களுக்குத்தான் கழன்று போச்சே. அவங்க ஞானிங்களா?"

கேபிள் கண்ணாடியோடு ஒட்டி நின்று நர்ஸைப் பார்த்தான். இவருக்குத் தெரிந்துவிட்டது. பொறியா, அக்கறையா என்றுதான் விளங்கவில்லை. ஆனால் பதில் கையில் இருந்தது. ஐந்து வருடம் முன்பு வேறொருவர் இதே போலக் கேட்டிருந்தார்.

"மறதி வேற, ஞானம் வேற," என்று காதுக்குள் சொன்னான்.

"மறதி வேற, ஞானம் வேற," என்றார் பேராசிரியர்.

"விளக்கு அணைஞ்சா நாற்காலி தெரியாது. நாற்காலி இல்லாம போயிடாது."

அவர் அதையும் சொன்னார். "மறந்துட்டேன்னு தெரியுது பாருங்க, அந்தத் தெரியறதுக்கு மறதி இல்ல. அதுதான் சாட்சி." குரலில் பழைய கம்பீரம் வந்தது. முன்வரிசையில் தலைகள் ஆடின.

நர்ஸ் உட்காரவில்லை. "அது புரியுது சார். ஆனா அவங்க பயப்படுறாங்க. சாயங்காலமானா வீட்டுக்குப் போகணும், வீட்டுக்குப் போகணும்னு என் கையைப் பிடிச்சுக்கிறாங்க. சாட்சிக்கு பயமில்லைன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அந்த பயத்துக்கு என்ன பதில்?"

கேபிள் மைக் அருகே வாயைக் கொண்டுபோனான். நானூறு வகுப்புகளில் இதற்கு வரியே இல்லை.

பேராசிரியர் காத்திருந்தார். தலையைச் சற்றுத் திருப்பி, காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பது கடைசி வரிசைக்கே தெரிந்தது. கண்ணாடி அறையின் கதவைத் திறந்துகொண்டு அக்கா வந்தாள்.

"ஏதாவது சொல்லுடா."

"தெரியலக்கா."

"எதையாவது சொல்லு. இல்லன்னா லைவை நிறுத்து. நெட் போயிடுச்சுன்னு போடு."

அதற்குள் மேடையில் பேராசிரியர் காதில் விரலை விட்டு அந்தப் பட்டாணியை எடுத்து மேசைமேல் வைத்தார். கிளிக் என்ற சத்தம் மைக்கில் பெரிதாகக் கேட்டது.

"எனக்கு பயமா இருக்கு," என்றார்.

அக்காவின் கை ஒலியை அடைக்கும் குமிழ்மேல் போயிற்று. கேபிள் அந்தக் கையை அமுக்கிப் பிடித்தான்.

"விடுடா."

"அவர் பேசட்டும்கா."

"பேசினா அவர் மானம் போயிடும். விடு தம்பி."

அவன் விடவில்லை. அவளை இப்படி எதிர்த்து நின்றது அவனுக்கு நினைவு தெரிந்து இதுவே முதல் தடவை.

"எனக்கும் அந்த நோய்தான்," என்றார் பேராசிரியர். வார்த்தைகள் தனித்தனியாக, இடைவெளி விட்டு வந்தன. "காலைல தலை சீவினேன். கையில இருக்கிறதுக்குப் பேரு வரலை. அதைப் பார்த்துக்கிட்டே நின்னேன். பேரு வரலைங்கிறது தெரிஞ்சுது. பயம் வந்தது. பயம் வருதுங்கிறதும் தெரிஞ்சுது. பாடத்துல அது போதும்னு சொல்வேன். பகல்ல போதுமாத்தான் இருக்கு. சாயங்காலம் போதலை."

நர்ஸ் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பொய்யைச் சொல்லிக் கொடுத்தேன்னு நான் நினைக்கலை. நினைவு போய்க்கிட்டிருக்கு. போறதைப் பார்க்கிறது போகலை. இது இப்பவும் எனக்கு நிச்சயம். ஆனா ரெண்டுன்னு ஒண்ணு கிடையாதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டு, வீட்டுல ஒளிச்சு வைக்கிறேன். வெளியே ஒரு ஆளு, உள்ளே ஒரு ஆளு. அந்தப் பயம் எனக்கு நோயால வரலை, ஒளிக்கிறதால வருதுன்னு தோணுது. முழுசாத் தெரியலை." கையை நீட்டிக் கண்ணாடி அறையைக் காட்டினார். "ஆறு வாரமா உங்களுக்குப் பாடம் எடுத்தது அவன். என் மச்சினன்."

நூற்றிருபது தலைகள் திரும்பின. கேபிளுக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அக்கா கையை உருவிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள்.

நடுவரிசையிலிருந்து ஒரு மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "அப்போ இத்தனை வாரமா எங்களை ஏமாத்தினீங்களா?"

"ஆமா," என்றார் பேராசிரியர்.

மருந்துக்கடைக்காரர் வேறு ஏதோ எதிர்பார்த்தவர் போல் சற்று நின்றார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவர் பின்னால் இருபது முப்பது பேர் போனார்கள். செருப்பு தேடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நர்ஸ் மட்டும் முன்னால் நடந்து போய், மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"பதில் சொல்லலையே நான்," என்றார் பேராசிரியர்.

"பரவாயில்ல சார். நானும் அவங்க கையை விடுறதில்ல. அதுக்கு மேல எனக்கும் தெரியாது."

வீட்டுக்குத் திரும்பும்போது கேபிள் காரை ஓட்டினான். பேராசிரியர் பக்கத்தில்; அக்கா பின்னால். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

சிக்னலில் நின்றபோது பேராசிரியர் கேட்டார். "இன்னிக்கு வகுப்பு எப்படி இருந்துச்சு?"

கேபிளின் கால் பிரேக்கிலேயே உறைந்தது. கண்ணாடியில் அக்காவைப் பார்த்தான். நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லாம் பழையபடி மூடிக்கொள்ளும். விளக்கு பச்சையானது. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் வண்டியை எடுத்தான்.

அக்கா முன்னால் சாய்ந்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். ரயில் கதையை இரண்டு தடவை சொன்னது, நர்ஸ் கேட்டது, காதிலிருந்து எடுத்தது, நோயைச் சொன்னது, மருந்துக்கடைக்காரர் எழுந்து போனது, எதையும் விடாமல், எதையும் பூசி மெழுகாமல். தான் குமிழ்மேல் கை வைத்ததையும் சொன்னாள். அவர் யாருக்கோ நடந்ததைக் கேட்பது போல் உற்றுக் கேட்டார்.

"எல்லார் முன்னாடியும் சொன்னேனா?"

"எல்லார் முன்னாடியும்."

"தைரியம்தான்."

"தைரியம்தான்," என்றாள் அக்கா. "இப்போ பயமா இருக்கா?"

அவர் யோசித்துப் பார்த்தார். "இப்போ இல்ல. பசிக்குது."

அக்கா சிரிக்க ஆரம்பித்து அழுகையில் முடித்தாள். நான்கு மாதத்தில் அவள் அழுது கேபிள் பார்த்ததில்லை. அவர் திரும்பி, இருக்கைகளின் இடைவெளி வழியே கையை நீட்டினார். வீடு வரும்வரை அவள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எழுபது பேர் வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் கதவோரமாக, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மேடையை ஓரம் கட்டிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். அக்கா வேதாந்தப் பாட நூலிலிருந்து ஒரு பகுதியைப் படித்தாள். தெரிந்தவர்கள் தெரிந்ததைச் சொன்னார்கள். சில வாரம் பேராசிரியர் தெளிவாக, எல்லோரும் குறிப்பெடுக்கும்படி பேசினார். சில வாரம் ஒரு மணி நேரமும் ஜன்னலையே பார்த்திருந்தார். மூன்று வாரத்தில் முடிய வேண்டிய பாடம் பதினோரு வாரம் இழுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பாடம் முடிந்த பிறகு கூடத்தில் வகுப்பு நடக்கவில்லை. ஆனால் ஏழெட்டுப் பேர் ஞாயிறு காலையில் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் அவருக்குத் தெரியாது. கதவு திறந்ததும் வந்தவரைக் கூர்ந்து பார்ப்பார். பிறகு, "வாங்க, உட்காருங்க," என்று சோபாவில் நகர்ந்து இடம் கொடுப்பார்.