இரண்டு கிலோ பலம்

"கெட்டமைன்! பேர்லயே 'கெட்ட' இருக்கு. ஆனா எனக்கு நல்லது பண்ணின ஒரே மருந்து இதுதான், பார்த்தியாக்கா?"

மருந்து ஏறிய கையில் பஞ்சை அழுத்தியபடி தம்பி சிரித்தான். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவன். எழுத்துப்பிழையைக் கண்டால் சும்மா விடமாட்டான். அக்கா பள்ளி வேன் ஓட்டுபவள். மருந்தேறும் நாளில் அவன் வண்டியைத் தொடக்கூடாது என்பதால் அவள்தான் டிரைவர்.

ஏழு வருட மனச்சோர்வு. எந்த மாத்திரைக்கும் மசியவில்லை. இந்த மருந்துதான் அவனைத் தூக்கி நிறுத்தியது. மறுபடி விழாமலிருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தான்.

"இனி அஞ்சு வாரத்துக்கு ஒரு தடவை பார்க்கலாம்," என்றார் டாக்டர். "சறுக்குற மாதிரி தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க."

சறுக்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அக்கா யோசித்தாள். கேட்டால் "நல்லாத்தான் இருக்கேன்" என்பான். அவளுக்குத் தெரிந்த அடையாளம் ஒன்றுதான்: போன முறை விழுந்தபோது, வீட்டில் பிழை திருத்துவதை நிறுத்தியிருந்தான்.

மறுநாளிலிருந்து ஃப்ரிட்ஜ் கதவில் சீட்டு ஒட்டினாள், வேண்டுமென்றே பிழையோடு. 'வாசல் விலக்கு எரியவில்லை.' மாலைக்குள் சிவப்பு மையில் 'ள' ஏறியிருந்தது. 'மலை வரும், குடை எடு.' கீழே பதில்: 'மலை வந்தால் குடை தாங்காது.'

நான்காவது வாரக் கடைசியில் ஒரு காலை, 'இரண்டு கிலோ பலம் வாங்கி வா' என்று ஒட்டினாள். மாலையில் திரும்பினால் சீட்டு அப்படியே இருந்தது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

அச்சகத்துக்குப் போன் போட்டாள். "அப்பவே கிளம்பிட்டாரேம்மா!"

டாக்டர் எண்ணைத் தேடும்போது கதவு திறந்தது. தம்பி ஒரு பையை மேசைமேல் தொப்பென்று வைத்தான். உள்ளே இரும்பு டம்பெல்.

"நாலு கடை ஏறி இறங்கினேன்க்கா. ரெண்டு கிலோ பலம்னா இதுதான் இருக்காம்."

"அடப்பாவி! திருத்தலையேன்னு உயிரே போச்சுடா!"

"வேன்ல 'பள்ளி'ன்னு ஒழுங்கா எழுதினவ வீட்ல மட்டும் தினம் ஒரு பிழையா? மூணாம் நாளே புரிஞ்சுபோச்சு."

"அப்போ நல்லாத்தான் இருக்கியா?"

அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். "ரெண்டு நாளா எழுந்திருக்கறப்போ உடம்பு கனக்குது. மத்தியானம் நானே டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன். அஞ்சு வாரத்தை அடிச்சு நாலுன்னு திருத்திட்டார். நாளைக்குப் போகணும், வேன் ரெடியா?"

எப்போதும் அவள்தான் டாக்டருக்குச் சொல்வாள். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே டம்பெல்லைத் தூக்கிப் பார்த்தாள்.

"அது சரி, பழம் எங்கடா?"

"'ழ' போட்டு எழுது. வாங்கிட்டு வரேன்."