பூஜ்ஜியம் வராத தண்ணீர்

ஆஸ்பத்திரிக் கழிவுநீரில் கரைந்திருக்கும் வலி மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ள நாங்கள் செய்த பிளாஸ்டிக் மணிகள் கடுகளவுதான் இருக்கும். குழாயில் அடைத்து மேலே தண்ணீரை ஊற்றினால், கீழே மருந்தில்லாமல் வர வேண்டும். வரவில்லை. துளியூண்டு மருந்து எப்போதும் மிச்சம். மணிகளைக் கழுவினேன், குழாயை மாற்றினேன், பாட்டில்களைச் சூடாக்கி எடுத்தேன். சோதிக்கும் இயந்திரம் மட்டும் விடாக்கண்டனாய், மருந்து இருக்கிறதென்று அதே சின்ன மேட்டை வரைந்து காட்டியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

"இன்னைக்கும் வந்துச்சுன்னா இந்த மணிய மூட்டை கட்டிடலாம்மா," என்றார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர். எங்கள் நாலு வருஷ உழைப்பை ஏதோ பழைய துணியைச் சொல்வதுபோலச் சொன்னார் மனுஷர்.

ஆத்திரத்தை யாரிடமாவது காட்ட வேண்டுமே. உடன் வேலை செய்யும் தடிக் கண்ணாடிக்காரி சோடாபுட்டியிடம் காட்டினேன். "பாட்டில ஒழுங்கா கழுவுறியா, இல்ல தண்ணியக் காமிச்சிட்டு எடுத்துடுறியா?"

அவள் வேறொரு பாட்டிலை எடுத்து வந்தாள். மருந்தே கலக்காத சுத்தமான தண்ணீரை என் முன் வைத்தாள். "இதையும் மெஷின்ல ஓட்டிப் பாருங்கக்கா."

ஓட்டினேன். அதிலும் அதே மேடு.

அப்படியானால் மணிகள் மேல் தப்பில்லை. மருந்து வேறெங்கிருந்தோ வருகிறது. அறையைச் சல்லடை போட்டுச் சலித்தோம். என் பக்கத்தில் குனிந்தவள் மூக்கைச் சுளித்தாள். "அக்கா, உங்க கையில என்ன தைல வாசனை?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தினமும் மாமியார் முட்டிக்குக் களிம்பு தேய்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். அதிலிருப்பதும் இதே வலி மருந்துதான். கையைக் கழுவுகிறேன், கையுறை போடுகிறேன். ஆனால் கையுறையை இழுத்து மாட்டுவதே அந்தக் கையால்தானே!

பிறகு எல்லாவற்றையும் புதிதாக எடுத்து அவளே தொட்டு, மணிகள் வழியே வந்த தண்ணீரை மறுபடி ஓட்டினாள். கோடு மேடு பள்ளமில்லாமல் ஓடியது. மணிகள் பிழைத்தன. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "போங்கக்கா, டீ வாங்கிக் குடுங்க" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் மாமியார் வழக்கம்போலக் காலை நீட்டினார். நான் கையுறையோடு உட்கார்ந்தேன். அவர் என் கையையே பார்த்தார்.

"ஏம்மா, என்னைத் தொடக் கூசுதா?"

"ஐயோ, அதில்லத்தே, வேலையில..."

"பரவால்ல, டியூபக் குடு. நானே பாத்துக்கறேன்."

காலை இழுத்துக்கொண்டார். குனியவே முடியாதவர் எப்படித் தேய்ப்பார்? எனக்கு அழுகை வந்துவிட்டது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு சோடாபுட்டிக்கு போன் போட்டேன். "இனிமே மணி, பாட்டிலு எல்லாம் நீயே தொடு. நான் கணக்க மட்டும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அந்த முட்டியை என் மடியில் வைத்துக்கொண்டேன்.