பதினாறு செம்புக் கற்கள்

பத்மாவதி கிணற்றடியில் கற்களைக் காயவைத்திருந்தாள். பதினாறும் பளிச்சென்று இருந்தன. பத்து வருடத்தில் முதல்முறையாக என் மனைவி அவற்றைச் சிரித்த முகத்தோடு காட்டினாள்.

“பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சனான். களிம்பெல்லாம் போயிட்டுது. வெள்ளைக்காரனுக்கு ஊத்தையோடையே அனுப்புறது?”

செம்புக் குடம் பச்சை பிடித்தால் எங்கள் வீடுகளில் இப்படித்தான் செய்வார்கள். இந்தக் கற்களிலும் செம்பு இருக்கிறது என்று அவளுக்குச் சொன்ன புத்திசாலி நான்தான். ஒன்றைத் தூக்கிப் புரட்டினேன். பிறகு இன்னொன்றை. பச்சையோடு, கறுப்பு மையில் எழுதியிருந்த இலக்கங்களும் போயிருந்தன.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலேறி இந்தச் சண்டிலிப்பாய்க்கு வந்தபோது மற்றவர்கள் நகைகளைக் கொண்டுவந்தார்கள். கனிய ஆய்வு உத்தியோகத்தில் இருந்த நான், கிழக்குக் காட்டில் துளையிட்டு எடுத்த இந்தக் கற்களைக் கொண்டுவந்தேன். அவளுடைய கூறைச்சேலையும் என் குறிப்புப் புத்தகங்களும் வீட்டோடு எரிந்தன. “கல்லுக்கே தாலியைக் கட்டியிருக்கலாம்” என்பதை அன்றிலிருந்து கேட்டுவருகிறேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது.

நெருப்புக் குழம்பு ஆறியபோது பாறையில் படிந்த செம்பு அது. பிறகு அந்தப் பாறை ஆழப் புதைந்து, நசுங்கி, மறுபடி வெந்தது. வெந்தபோது செம்பு இருந்த இடத்திலேயே இருந்ததா, வெடிப்புகள் வழியே வேறிடம் போனதா என்பதுதான் என் ஆராய்ச்சி. அதற்கு எந்தக் கல் எத்தனை அடி ஆழத்தில் கிடைத்தது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல அந்த இலக்கங்களை விட்டால் வேறெதுவும் இல்லை. கற்களை அனுப்பினால் ஆராய்ச்சிக்கு இடம் தருவதாக நோர்வேயில் ஒரு பல்கலைக்கழகம் எழுதியிருந்தது. நாங்கள் இருவரும் போருக்குள் கிடந்த சண்டிலிப்பாயை விட்டு வெளியேற இருந்த ஒரே வழி அது. மறுநாள் காலை கிளாலிக் கடல் வழியாகக் கொழும்புக்குப் போகவிருந்த பக்கத்து வீட்டுக் கனிசியஸ், கற்களை ஒரு பையில் கொண்டுபோக ஒப்புக்கொண்டிருந்தான்.

கத்தத்தான் நினைத்தேன். தணிந்த குரலில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் முகம் செத்துப்போயிற்று.

“பத்து வருஷமா உதுகளைத்தானே பாத்துக்கொண்டிருந்தனீங்கள். பாத்தாத் தெரியாதோ?”

“நாலைஞ்சு தெரியும். மிச்சம் தெரியாது.”

உள்ளே போய்ப் பேனையோடு வந்தாள்.

“எழுதுங்கோ. அவங்கள் காட்டுக்கு வந்தே பாக்கப் போறாங்கள்?”

பொய் அளவு எழுதினான் என்று ஒருவனின் வேலையைப் பறித்தவன் நான். ஆழம் நினைவில்லாத ஒரு கல்லை மடியில் வைத்து, நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது. எழுத்து பழையபடியே நேராக விழுந்தது அதைவிட வெட்கமாக இருந்தது.

பத்மாவதி அந்தக் கல்லை இரண்டு கைகளிலும் ஏந்தி, மை காயும்வரை மெல்ல ஊதினாள். பிறகு அடுத்ததை எடுத்து நீட்டினாள்.