கல்லறைக்கு ஒரு லிங்க்

ஐஸ் பெட்டியின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன டீ கப்புகளை ஹெப்சிபா ஒரே வீச்சில் தரையில் தள்ளினாள். கண்ணாடிக்கு அடியில் அப்பா சவரிநாதன் படுத்திருக்க, மேலே வட்ட வட்டமாக டீக்கறை. முந்தானையால் துடைத்துவிட்டு, தம்பி நோயலின் போனைப் பெட்டிமேல் சாய்த்து நிறுத்தினாள். வக்கீல் கெஞ்சிக் கூத்தாடி கோர்ட்டில் வாங்கிய அவசர ஆன்லைன் அமர்வு. லிங்க் சுற்றிக்கொண்டே இருந்தது.

சாயங்காலம் அடக்கப் பூசை. அதற்குள் கல்லறையைத் திறந்தாக வேண்டும்.

காசிமேட்டில், அம்மா சிலுவையம்மாளைப் புதைத்த குடும்பக் கல்லறை அது. சித்தப்பா ஆண்ட்ரூவின் மனைவி செத்தபோது, அதைத் திறக்க விடமாட்டேன் என்று அப்பா வீம்பாக மறித்தார். சித்தப்பா அவளை வேறெங்கோ அடக்கம் செய்துவிட்டு நேரே கோர்ட்டுக்குப் போனார். இரண்டு பேரும் சம்மதிக்காமல் யாரும் கல்லறையைத் தொடக்கூடாது என்று தடை வந்தது. என் சாவுக்கும் வராதே என்று அப்பா சித்தப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். வருஷக்கணக்கில் தூங்கிய வழக்கை, சுமையைக் குறைக்க, கோர்ட் ஆன்லைன் சமரசத்துக்குத் தள்ளியது. அப்பாவிடம் இருந்தது பட்டன் போன். அதனால் நோயலின் நம்பரைக் கொடுத்தார்கள்.

சித்தப்பா பேச்சுக்கே வரவில்லை என்றுதான் நோயல் சொல்லிக்கொண்டிருந்தான். சிலுவையம்மாளோடு என்னைச் சேர விடமாட்டான் என்று புலம்பிப் புலம்பியே அப்பாவின் மூச்சு அடங்கியது.

திரை தெளிந்தது. ஒரு கட்டத்தில் சமரசம் பேச கோர்ட் அமர்த்திய பெண். இன்னொன்றில் மாதவரத்தில் மகன் வீட்டிலிருந்து சித்தப்பா, சவரம் செய்யாத முகத்தோடு. பார்த்ததும் ஹெப்சிபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னா சித்தப்பா, பொணத்த வச்சிகினு உங்கிட்ட கெஞ்சணுமா? நல்லா கீதா உனக்கு?"

அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மியூட்டில் இருக்கிறீர்கள் என்று அந்த அம்மா சொன்னதும், எதையோ தடவித் தேடி அழுத்தினார்.

"அண்ணிகூடவே வைம்மா. நான் ஒத்துக்கிறேன்."

அவ்வளவுதான். ஓடிபி வந்தது, நோயல் அடித்தான், முடிந்தது. இத்தனை சுலபமா? அந்தச் சுலபமே அவளுக்கு நாறியது.

"இந்த ஒரு வார்த்தைய அந்த மனுசன் உசுரோட கீறப்போ சொன்னா இன்னா?"

"அதான் முடிஞ்சிச்சே, கட் பண்ணுக்கா." நோயல் போனை எடுக்கக் கை நீட்டினான். அவள் தட்டிவிட்டாள்.

அந்த அம்மா தயங்கினாள். "உங்களுக்குத் தெரியாதா? இவர் முதல் அமர்வுலயே சம்மதம் சொல்லிட்டார். அப்புறமும் ஒவ்வொரு தடவையும் வந்து உட்கார்ந்திருந்தார். உங்க பக்கம்தான் யாருமே வரல."

ஹெப்சிபா திரும்பினாள். நோயல் தரையில் கிடந்த டீ கப்பைக் காலால் ஓரம் தள்ளினான்.

"லிங்க் வந்தா டூட்டிய வுட்டுட்டு வூட்டுக்கு வந்து நைனா கைல போனக் குடுக்கணும். பேஜாரு. கட் பண்ணி வுட்டுட்டேன்."

அந்த அம்மா போய்விட்டாள். சித்தப்பா போகவில்லை. திரைக்குக் கீழே எங்கேயாவது அண்ணன் முகம் தெரிகிறதா என்று கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.